"ஓட்டே இல்ல, எனக்கு எதுக்கு கவர்மெண்ட் கிளாஸ்?"

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ் சேர்றது பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே பாடத்தப் பத்திதான் இருந்துச்சு, அமெரிக்கன் நேஷனல் கவர்மெண்ட், அதுவும் ஆன்லைன்ல. நானும் ஹெச்-4ல (ஹெச்-1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்குக் கொடுக்கற விசா) இருந்தப்ப அந்தப் பாடத்த ஆன்லைன்லதான் எடுத்தேன், அப்புறம் ட்யூட்டரிங் சென்டர்ல ஆறு வருஷம் அதே பாடத்துக்குத்தான் பிள்ளைங்களோட உக்காந்திருக்கேன். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, ஹெச்-4 விசா, ரெண்டு பசங்க. அசோசியேட் டிகிரிக்கு சேந்திருக்கேன். அக்கவுண்டிங் படிக்கத்தான் ஆசை, ஆனா அட்வைசர் முதல் செமஸ்டர்லயே கவர்மெண்ட் 2305ன்னு ஒண்ணப் போட்டுட்டாங்க. நான் இந்த நாட்டுல ஓட்டு போட முடியாது, எதுக்கு இது? ஆன்லைன்ல எடுத்தா சமாளிச்சிடலாமா? (டெக்சாஸ் வாசகி)

பதில்: இத உங்க அட்வைசர் ஆசைப்பட்டுப் போடலம்மா, டெக்சாஸ்ல அது சட்டம். அரசு காலேஜ், யுனிவர்சிட்டி எதுல டிகிரி வாங்கினாலும் கவர்மெண்ட்ல 6 கிரெடிட் ஹவர் படிச்சே ஆகணும், அமெரிக்க அரசியல் சாசனமும் டெக்சாஸ் சாசனமும் அதுல வரணும்னு மாநிலச் சட்டமே சொல்லுது. 2305 ஃபெடரல் கவர்மெண்ட், 2306 டெக்சாஸ் கவர்மெண்ட். இந்த நம்பர் டெக்சாஸ் முழுக்க பொதுவானது, நாளைக்கு யுனிவர்சிட்டிக்கு மாறினாலும் கூடவே வரும். கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிகள், ஜார்ஜியா, ஃபுளோரிடாலயும் வேற வேற பேர்ல இதே மாதிரி கட்டாயம் உண்டு.

சமாளிக்கலாமான்னு கேட்டீங்க. சமாளிக்கலாம், ஆனா ஆன்லைன்னா வீடியோ பாத்துட்டு குயிஸ் போடறதுன்னு நினைச்சு உள்ள வர்றவங்கதான் அஞ்சாவது வாரத்துல W (பாதியில விலகினதுக்கான குறி) போட்டுட்டு வெளிய போறாங்க, நான் பாத்த வரைக்கும் பாடம் புரியாம போனவங்க ரொம்ப கம்மி, நேரம் பத்தாம போனவங்கதான் அதிகம். கணக்கு இதுதான்: 3 கிரெடிட்னா வாரத்துக்கு கிளாஸ்ல 3 மணி நேரம், வீட்ல 6 மணி நேரம், ஆக 9 மணி நேரம்னு வெச்சுத்தான் பாடத்தையே தயார் பண்றாங்க. ஆன்லைன்ல கிளாஸ் ரூம் இல்லையே தவிர அந்த 9 மணி நேரம் எங்கயும் போகல. அதுலயும் 8 வாரக் கோர்ஸ் எடுத்தீங்கன்னா அதே பாடம் பாதி நாள்ல, வாரத்துக்கு 18 மணி நேரம். முதல் செமஸ்டர், ரெண்டு பசங்க, தயவுசெஞ்சு 16 வாரக் கோர்ஸா பாத்து எடுங்க, 8 வாரக் கோர்ஸ் சீக்கிரம் முடியும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

இன்னொண்ணு, டெக்சாஸ்ல 2007 ஃபால் செமஸ்டர்லேர்ந்து முதல் தடவையா காலேஜ் சேந்தவங்க டிகிரி முடிக்கறதுக்குள்ள மொத்தமே ஆறு பாடத்தத்தான் டிராப் பண்ண முடியும். ஆறும் தீந்துட்டா பிடிக்குதோ பிடிக்கலையோ அந்த கிரேடோடதான் இருக்கணும். அதனால முடியாதுன்னு தோணினா சென்சஸ் டேட்டுக்கு (காலேஜ் மாணவர் எண்ணிக்கைய முடிவு பண்ற நாள்) முன்னாடியே வெளிய வாங்க, அப்ப வந்தா அது டிராப் கணக்குல சேராது, டிரான்ஸ்கிரிப்ட்லயும் வராது. அந்த தேதி காலேஜ் காலண்டர்ல இருக்கும், இன்னைக்கே பாத்து சுவத்துல எழுதி ஒட்டுங்க.

ஓட்டு இல்லைங்கற விஷயத்துக்கு கடைசியில வர்றேன், அது எனக்கும் ரொம்ப நாள் மனசுல கிடந்த கேள்விதான்.

கேள்வி: நான் எஃப்-1 மாணவர் விசால பேச்சிலர்ஸ் பண்றேன். பார்ட் டைம் கேம்பஸ் வேலை இருக்கறதால இந்த செமஸ்டர் கவர்மெண்ட், ஹிஸ்டரி, சைக்காலஜி மூணையும் ஆன்லைன்ல எடுத்து, ஒரே ஒரு கிளாஸ் மட்டும் நேர்ல போலாமான்னு பாக்கறேன். மொத்தம் 12 கிரெடிட் வந்துருது. ஃப்ரெண்ட்ஸ் ஓகேங்கறாங்க. (ஒரு மாணவர்)

பதில்: கூடாது தம்பி. எஃப்-1ல முழுநேரப் படிப்புக்குக் காட்டற 12 கிரெடிட்ல, ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் கிளாஸ் அல்லது 3 கிரெடிட்தான் கணக்குல சேரும். நீங்க சொல்ற மாதிரி எடுத்தா கணக்குக்கு 6 கிரெடிட்தான் நிக்கும், ஸ்டேட்டஸே போயிரும். கவர்மெண்ட மட்டும் ஆன்லைன்ல வெச்சுட்டு மத்ததெல்லாம் நேர்ல போங்க. ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல டிஎஸ்ஓகிட்ட (மாணவர் விசா விஷயங்களப் பாத்துக்கற காலேஜ் அதிகாரி) ஒரு ஈமெயில் போட்டு பதில எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க, இந்த விஷயத்துல ஃப்ரெண்ட்ஸ் சொல்றது செல்லாது.

கேள்வி: வாராவாரம் டிஸ்கஷன் போர்டுன்னு ஒண்ணு. வியாழக்கிழமைக்குள்ள நாம எழுதணும், ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள ரெண்டு பேருக்கு பதில் எழுதணும். நான் ஒழுங்கா எழுதறேன், ஆனா எப்பவும் 20க்கு 11, 12தான். கமெண்ட்ல "கோ டீப்பர்"னு மட்டும் போடறார் புரொஃபசர். டீப்பர்னா என்னக்கா? (நியூஜெர்சி வாசகி)

பதில்: நீங்க அனுப்பின ரெண்டு போஸ்டையும் படிச்சேன். இங்கிலீஷ் நல்லா இருக்கு. ஆனா ஃபெடரலிசம் பத்தின போஸ்ட்ல "மாநிலத்துக்கும் மத்திக்கும் நடுவுல சமநிலை ரொம்ப முக்கியம்"னு எழுதியிருக்கீங்க, அதோட நின்னுருச்சு. எந்த சமநிலை, யாரு கெடுத்தாங்க, எந்த வரிய வெச்சு சண்டை போட்டாங்க, இதுல ஒண்ணாவது வேணும். டீப்பர்னா நீளமா எழுதறது இல்ல, ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு வழக்கு, ஒரே ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டு எழுதறது.

ஒண்ணு காட்டறேன். ஒஹையோல ஃபில்பர்ன்னு ஒரு விவசாயி, மாடும் கோழியும் வெச்சிருந்தவர். 1941 அறுவடைக்கு 11.1 ஏக்கர்தான் கோதுமை போடலாம்னு அரசாங்கம் அளவு கொடுத்துச்சு, விலை விழுந்துடக் கூடாதுன்னு. அவர் 23 ஏக்கர் போட்டாரு. அதிகமா விளைஞ்சதுக்கு 117 டாலர் 11 சென்ட் அபராதம். அவர் சொன்னது, இது நான் விக்கறதுக்குப் போட்டது இல்ல, என் மாட்டுக்கும் கோழிக்கும் என் வீட்டுக்கும், இதுல வாஷிங்டனுக்கு என்ன வேலைன்னு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1942ல ஒரு நீதிபதிகூட மாறாம அவருக்கு எதிரா தீர்ப்பு. காரணம் என்னன்னா சாசனத்துல முதல் ஆர்டிகிள் எட்டாவது செக்‌ஷன்ல, மாநிலங்களுக்கு நடுவுல நடக்கற வியாபாரத்த ஒழுங்குபடுத்தற அதிகாரம் இங்கத்த பார்லிமெண்டான காங்கிரஸுக்குன்னு இருக்கு, ஒரு விவசாயி வீட்டுக்குன்னு விளைச்சா கடையில வாங்க மாட்டாரு, எல்லா விவசாயியும் அப்படிச் செஞ்சா நாடு முழுக்க கோதுமை மார்க்கெட்டே ஆடும், அதனால அதுவும் வியாபாரத்தத் தொடறதுதான்னு கோர்ட் சொல்லிருச்சு.

இப்ப அதுக்குப் பக்கத்துல 1995 லோபஸ் வழக்க வைங்க. சான் அன்டோனியோல பன்னெண்டாவது படிக்கற பையன் ஸ்கூலுக்கு துப்பாக்கி எடுத்துட்டு வந்துட்டான், ஃபெடரல் சட்டத்துல கேஸ். ஸ்கூல் பக்கத்துல துப்பாக்கி வெச்சிருக்கறதும் வியாபாரத்த பாதிக்கும்னு சாசனத்தோட அதே வரிய வெச்சுத்தான் அரசாங்கம் வாதாடுச்சு, இந்தத் தடவ கோர்ட் 5க்கு 4ல முடியாதுன்னுருச்சு, இது வியாபாரமே இல்லன்னு. கோதுமைக்கு ஆமான்னவங்க துப்பாக்கிக்கு ஏன் இல்லன்னாங்க? இந்தக் கேள்விய வெச்சு 250 வார்த்தை எழுதுங்க, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையும் ஏன்னு ரெண்டு வரி சேருங்க.

பதில் போஸ்ட்லயும் அப்படித்தான். "உன்னோட ஒத்துப்போறேன், அழகா எழுதியிருக்க"ன்னா மார்க் வராது. அவங்க சொன்னதுல ஒரு இடத்த எடுத்து, இந்த வழக்குல இது இப்படிப் போச்சே, அத எப்படிப் பாக்கறன்னு கேளுங்க. எதிர்ல உக்காந்து பேசற மாதிரி நினைச்சுக்கிட்டு எழுதினா தானா வரும்.

கேள்வி: நான் நம்ம ஊர்ல பி.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ். இந்திய அரசியலமைப்பு கரைச்சுக் குடிச்சவன். இது இன்ட்ரடக்டரி கோர்ஸ்தானேன்னு புக்க லேசா புரட்டிட்டு முதல் டெஸ்ட் எழுதினேன், 61 வாங்கிட்டேன். எங்க தப்பு நடந்துச்சுன்னே புரியல. (இல்லினாய் வாசகர்)

பதில்: நீங்க தப்பு விட்ட கேள்விங்கள எழுதி அனுப்பினது ரொம்ப உதவியா இருந்துச்சு சார், ஏன்னா ஒவ்வொண்ணுலயும் நீங்க எழுதின பதில் இந்தியாவுக்குச் சரியான பதில். தெரியாததால விட்ட தப்பு இல்ல இது. ட்யூட்டரிங்ல நம்ம ஊர்ல நல்லாப் படிச்சவங்கதான் முதல் டெஸ்ட்ல இப்படி அடி வாங்குவாங்க, மனசு ஒடஞ்சு போயிருவாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். அதனால இத விரிவாவே எழுதறேன்.

பட்டியல்ல இல்லாத மீதி அதிகாரம் யாருக்குன்னு கேள்வி. நீங்க மத்திய அரசுன்னு போட்டீங்க, நம்ம 248வது ஷரத்துப்படி அது சரி. இங்க 1791ல வந்த பத்தாவது திருத்தம் அப்படியே தலைகீழ், சாசனம் ஃபெடரல் அரசுக்குக் கொடுக்காததும் மாநிலத்துக்குத் தடுக்காததும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோதான். இந்த ஒண்ண மனசுல ஆணியடிச்சு வெச்சுட்டா மத்தது பாதி தானா விளங்கும். மாநிலங்கள் முதல்ல இருந்துச்சு, அதுங்க சேந்துதான் மத்திய அரசாங்கத்த உண்டாக்கிச்சு. 1781லேர்ந்து ஆர்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன்னு ஒரு தளர்வான கட்டுல இருந்தாங்க, அதுல காங்கிரஸுக்கு வரி போடற அதிகாரம்கூட கிடையாது, மாநிலங்கள்கிட்ட கேட்டு வாங்கணும். அது தாங்காமத்தான் 1787ல ஃபிலடெல்ஃபியால உக்காந்து புது சாசனம் எழுதினாங்க. நம்ம நாட்டுல கதை வேற வழியா வந்தது, அதனால அமைப்பும் வேற.

மாநில எல்லைய மாத்தற கேள்வியும் அப்படித்தான். நம்ம மூணாவது ஷரத்துப்படி பார்லிமெண்ட் சாதாரண மெஜாரிட்டியிலயே மாநிலத்தப் பிரிக்கலாம், மாநில சட்டசபையோட கருத்தக் கேட்டா போதும், சம்மதம் தேவையில்ல. 2014ல ஆந்திர சட்டசபை வேணாம்னு தீர்மானம் போட்டும் தெலங்கானா வந்துச்சே. இங்க நாலாவது ஆர்டிகிள்ல அந்த மாநில சட்டசபை சம்மதிக்காம முடியவே முடியாது. 1869 டெக்சாஸ் எதிர் வொய்ட் தீர்ப்புல இத அழிக்க முடியாத மாநிலங்கள் சேந்த அழிக்க முடியாத ஒன்றியம்னு கோர்ட் எழுதி வெச்சிருக்கு.

இங்கத்த மேல்சபையான செனட்ட ராஜ்யசபாவோட சேத்துக் குழப்பிக்கிட்டீங்க. ராஜ்யசபால மக்கள்தொகையப் பாத்து சீட், உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. செனட்ல எல்லா மாநிலத்துக்கும் 2தான். 2020 கணக்குப்படி வயோமிங்ல 5 லட்சத்து 77 ஆயிரம் பேர், கலிஃபோர்னியால ஏறக்குறைய 3 கோடியே 95 லட்சம் பேர், ரெண்டுக்கும் ஆளுக்கு ரெண்டு செனட்டர். இந்த 100, கீழ்சபையோட 435, வாஷிங்டன் டிசிக்கு 1961ல வந்த 23வது திருத்தத்தால கிடைச்ச 3, கூட்டினா 538, அதுதான் ஜனாதிபதியத் தேர்ந்தெடுக்கற எலக்டோரல் காலேஜ், 270 வந்தா ஜனாதிபதி. இந்தக் கூட்டல் தெரிஞ்சா நம்பர மனப்பாடம் பண்ணவே வேணாம்.

மந்திரி எம்பியா இருக்கணும்னு எழுதியிருந்தீங்க. இங்க ரெண்டு நாற்காலியில உக்காரவே கூடாது, செக்ரட்டரி ஆகணும்னா செனட்டர் பதவிய விட்டுட்டுத்தான் வரணும். செக்ரட்டரின்னா இங்க மந்திரி, நம்ம ஊர் ஐஏஎஸ் செயலர் இல்ல, இதுலயும் நிறையப் பேர் மார்க் விடறாங்க. கவர்னர நம்ம ஊர்ல ஜனாதிபதி நியமிக்கறாரு, இங்க மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, அவர்தான் முதலமைச்சர் மாதிரி. நிதி மசோதா தோத்தா நம்ம ஊர்ல அரசாங்கமே விழும், இங்க யாரும் விழ மாட்டாங்க, பணம் ஒதுக்கலன்னா அலுவலகங்கள மூடிருவாங்க, அதுதான் நீங்க நியூஸ்ல கேக்கற ஷட்டவுன்.

கடைசியா இம்பீச்மெண்ட். இம்பீச் பண்ணிட்டாங்கன்னா பதவி போயிருச்சுன்னு நினைக்கறோம். கீழ்சபை மெஜாரிட்டியில இம்பீச் பண்றது குற்றச்சாட்டு சுமத்தறது மட்டும்தான், செனட்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தாத்தான் பதவி போகும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868, கிளின்டன் 1998, ட்ரம்ப் 2019லயும் 2021லயும். ஒருத்தருக்கும் செனட்ல அந்த ஓட்டு வரல. நிக்சன் இந்தப் பட்டியல்லயே கிடையாது, கீழ்சபை ஓட்டெடுக்கறதுக்கு முன்னாடியே 1974ல ராஜினாமா பண்ணிட்டாரு.

நீங்க ஒரு நோட்டு போட்டு இடது பக்கம் இந்தியா, வலது பக்கம் அமெரிக்கான்னு எழுதிக்கிட்டே வாங்க. உங்க பி.ஏ. உங்களுக்கு பாரம் இல்ல சார், மத்தவங்களுக்கு ஒப்பிட இன்னொரு நாடே தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒப்பீட்ட கட்டுரையில கொண்டு வந்தீங்கன்னா எந்த புரொஃபசரும் நிமிந்து உக்காந்து படிப்பாங்க.

கேள்வி: டெஸ்ட்டுக்கு லாக்டவுன் பிரவுசரும் (டெஸ்ட் முடியற வரைக்கும் வேற எதையும் தொறக்க விடாத சாஃப்ட்வேர்) கேமராவும் கட்டாயம்னு சொல்லிட்டாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரூம் முழுக்க கேமராவ சுத்திக் காட்டணுமாம். வீட்ல மாமனார் மாமியார் இருக்காங்க, குழந்தை அழுவான், ஒரே பெட்ரூம். ரொம்ப சங்கடமா இருக்கு. அப்புறம் ஏஐ வெச்சு கட்டுரை எழுதினா கண்டுபிடிப்பாங்களா? (பேர் வேணாம்)

பதில்: உங்க சங்கடம் நியாயமானதும்மா, அது நீங்க படிக்கற பாடத்துக்குள்ளயே இருக்குன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. ஒஹையோல கிளீவ்லாண்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிச்ச ஒரு மாணவர், டெஸ்ட்டுக்கு முன்னாடி பெட்ரூம கேமராவுல காட்டச் சொன்னதுக்காக கோர்ட்டுக்குப் போனாரு. காரணமில்லாம வீட்ட சோதனை போடக் கூடாதுங்கற நாலாவது திருத்தத்துக்கு அது விரோதம்னு 2022ல ஃபெடரல் மாவட்ட கோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு. அது மாவட்ட கோர்ட், நாடு முழுக்கக் கட்டுப்படுத்தாது. நாலாவது திருத்தம் அரசாங்கத்தத்தான் கட்டும், அதனால அரசு காலேஜ்னா ஒரு பேச்சு, தனியார் காலேஜ்னா வேற பேச்சு. நீங்க சண்டைக்குப் போக வேணாம். புரொஃபசருக்கு முதல் வாரமே எழுதுங்க, வீட்டு நிலைமை இது, கேம்பஸ் டெஸ்டிங் சென்டர்ல எழுத அனுமதிப்பீங்களான்னு. பல காலேஜ்ல அந்த வசதி இருக்கு, லைப்ரரிலயும் தனி ரூம் புக் பண்ணலாம். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் கேட்டா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது.

ஏஐ விஷயத்துல கண்டுபிடிப்பாங்களாங்கறது முக்கியமே இல்லம்மா. சிலபஸ்ல புரொஃபசர் என்ன எழுதியிருக்காருன்னு பாருங்க, கூடாதுன்னா கூடாது. இந்தப் பாடத்துல அதுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு, இல்லாத வழக்க இருக்கற மாதிரி அழகா எழுதிக் கொடுத்துரும். நியூயார்க்ல 2023ல ரெண்டு வக்கீல்கள் அத நம்பி கோர்ட்லயே பொய் வழக்குகளக் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க. சாசனம் கையெழுத்தெல்லாம் சேத்து ஏறக்குறைய 4,500 வார்த்தைதான், ஒரு மணி நேரத்துல மூலத்தையே படிச்சிடலாம். முதல் வாரமே ஒரு தடவை முழுசாப் படிங்க, புரியலன்னாலும் பரவாயில்ல, எது எங்க இருக்குன்னு கண்ணுக்குப் பழகிரும்.

இன்னொரு விஷயம் சேத்துச் சொல்றேன். நான் படிச்சப்ப ஒரு ஞாயித்துக்கிழமை, பொண்ணுக்கு 102 ஜுரம், அவளத் தோள்ல போட்டுக்கிட்டே ராத்திரி 11:50க்கு கட்டுரைய அப்லோட் பண்ணினேன். மறுநாள் பாத்தா போன வாரத்து ஃபைல் போயிருக்கு. அந்தக் கட்டுரைக்கு பூஜ்யம்தான். அன்னையிலேர்ந்து என் கெடு சனிக்கிழமை மத்தியானம், அனுப்பினதும் ஃபைல தொறந்து முதல் வரியப் படிச்சுப் பாத்துட்டுத்தான் லேப்டாப்ப மூடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

கேள்வி: விசால இருக்கேன், கட்சி அரசியல் பத்தி எழுதவே பயமா இருக்கு. புரொஃபசர் எந்தக் கட்சின்னு பாத்து அதுக்கேத்த மாதிரி எழுதினா மார்க் வருமா? (வாஷிங்டன் மாநில வாசகர்)

பதில்: அந்த மாதிரி எழுதினா கட்டுரை சப்புன்னு இருக்கும், படிக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். இந்தப் பாடத்துல நல்ல கேள்விங்க எதுவும் யாரு நல்லவங்கன்னு கேக்காது, இதச் செய்ய யாருக்கு அதிகாரம்னுதான் கேக்கும். ஜனாதிபதி போட்ட ஒரு உத்தரவப் பத்தி எழுதணும்னா நல்லதா கெட்டதான்னு ஆரம்பிக்காம, அதுக்கு அதிகாரம் ரெண்டாவது ஆர்டிகிள்லேர்ந்து வருதா, காங்கிரஸ் போட்ட சட்டத்துலேர்ந்து வருதா, கோர்ட் என்ன சொல்லிச்சுன்னு போங்க. ஒரு சட்டம் சாசனத்துக்கு ஒத்துப்போகுதான்னு சொல்ற வேலை கோர்ட்டுக்கு 1803 மார்பரி எதிர் மேடிசன்லதான் உறுதியாச்சு, அதுலேர்ந்துகூட ஆரம்பிக்கலாம். ரெண்டு தரப்பு வாதத்தையும் அவங்க அவங்க வாயால சொல்ற மாதிரி நியாயமா எழுதுங்க. கட்சிப் பேரே வராம நூத்துக்கு நூறு வாங்கின கட்டுரை எத்தனையோ பாத்திருக்கேன்.

கேள்வி: பையன் லெவந்த் கிரேட். ஏபி கவர்மெண்ட், டூயல் கிரெடிட், க்ளெப், எது நல்லது? (ஒரு அம்மா)

பதில்: ஏபின்னா வருஷம் முழுக்க ஸ்கூல்ல படிச்சு மே மாசம் ஒரு பரீட்சை, 1லேர்ந்து 5 வரைக்கும் ஸ்கோர், ஸ்கோர் கம்மியானா அனுப்பாம விட்டுடலாம். ஃபெடரலிஸ்ட் 10, 51 (சாசனத்த ஆதரிச்சு அந்தக் காலத்துல எழுதின கட்டுரைகள்) மாதிரி ஒம்பது மூல ஆவணங்கள அதுல கட்டாயம் படிக்கணும், எனக்குப் பிடிச்சதே அதுக்காகத்தான். டூயல் கிரெடிட் நிஜ காலேஜ் கிளாஸ், அந்த கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல கடைசி வரைக்கும் நிக்கும், C வாங்கினாலும் நிக்கும். தானா உக்காந்து படிக்கற பழக்கம் இல்லாத பையன ஆன்லைன் டூயல் கிரெடிட்ல தள்ளாதீங்க. க்ளெப் ஒரே பரீட்சை, 90 நிமிஷம், நூறு கேள்வி போல வரும், 50 ஸ்கோருக்கு 3 கிரெடிட் கொடுக்கலாம்னு பரிந்துரை இருக்கு, ஆனா ஏத்துக்கறது ஒவ்வொரு காலேஜோட இஷ்டம். அவன் போக நினைக்கற காலேஜ் எத ஏத்துக்குதுன்னு முதல்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: நான் லெக்சர் கேக்கறப்ப என் மாமனாரும் பக்கத்துல உக்காந்து கேக்கறாரு. 68 வயசு, கிரீன் கார்டு வாங்கி ஆறு வருஷம். காலேஜ்ல சேராம அவரும் இதப் படிக்க வழி இருக்கா? (வட கரோலினா வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தப் படிச்சப்ப எனக்கு மனசு நெறஞ்சிருச்சு. ரைஸ் யுனிவர்சிட்டியோட ஓப்பன்ஸ்டாக்ஸ்ல அமெரிக்கன் கவர்மெண்ட் புக் முழுசும் இலவசம், பல காலேஜ்ல அதான் டெக்ஸ்ட்புக்கே. ஓயெஸ் தளத்துல சுப்ரீம் கோர்ட்ல வக்கீலும் நீதிபதியும் வாதாடின ஒலிப்பதிவு 1955லேர்ந்து இருக்கு, கண்ணு வலிச்சா கேக்கலாம். சிட்டிசன்ஷிப்புக்கும் இதே பாடம் உதவும். 2025 அக்டோபர் 20 முதல் அப்ளை பண்றவங்களுக்கு 128 கேள்விலேர்ந்து 20 கேப்பாங்க, 12 சரியா சொல்லணும், வாயாலதான் பதில். 65 வயசு தாண்டினவங்களுக்கு இருக்கற, தாய்மொழியிலயே கம்மியான கேள்விக்கு பதில் சொல்ற சலுகை, கிரீன் கார்டு வாங்கி 20 வருஷம் ஆனவங்களுக்குத்தான், அவருக்கு வராது, அதனால இப்பவே இங்கிலீஷ்ல பழகட்டும். நீங்க டெஸ்ட்டுக்குப் படிக்கறப்ப அவர கேள்வி கேக்கச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே உழைப்பு.

கேள்வி: ஆறு பக்க டெர்ம் பேப்பர். எந்த டாபிக்கும் ஒட்ட மாட்டேங்குது. (அதே டெக்சாஸ் வாசகி, ரெண்டாவது கடிதம்)

பதில்: உங்க மாநிலத்துலயே நடந்தத சொல்றேன், உங்க முதல் கேள்விக்கும் இதுலதான் வரணும்னு வெச்சிருந்தேன். 1982ல ஆஸ்டின்ல டெக்சாஸ் யுனிவர்சிட்டில கிரெகரி வாட்சன்னு ஒரு மாணவர், இதே கவர்மெண்ட் கிளாஸ், இதே மாதிரி ஒரு பேப்பர். பெண்களுக்கு சம உரிமை தர்ற திருத்தத்தப் பத்தி எழுதலாம்னு லைப்ரரில தேடிக்கிட்டு இருந்தவர் கண்ணுல வேற ஒண்ணு பட்டுச்சு. 1789ல, பின்னால ஜனாதிபதியான மேடிசன் கொண்டு வந்து, காங்கிரஸ் பாஸ் பண்ணி, மாநிலங்கள் போதுமான அளவு ஒப்புக்காம அப்படியே கிடந்த ஒரு திருத்தம். காங்கிரஸ் உறுப்பினர்கள் சம்பளத்த மாத்தினா அடுத்த தேர்தல் முடிஞ்சுதான் அமலுக்கு வரணும்னு சொல்ற ஒரே வாக்கியம். அதுக்கு காலக்கெடுவே போடல, அதனால அது இன்னும் உசுரோடதான் இருக்குன்னு அவர் பேப்பர் எழுதினாரு. C போட்டாங்க. மறுபடி பாக்கச் சொல்லிக் கேட்டும் மாத்தல.

அவர் மாநில சட்டசபைகளுக்கு கடிதம் எழுத ஆரம்பிச்சாரு. 1983ல மெயின், அடுத்த வருஷம் கொலராடோ, அப்படியே ஒவ்வொண்ணா. 1992 மே மாசம் தேவையான 38 மாநிலமும் வந்து அது 27வது திருத்தம் ஆச்சு, எழுதி 202 வருஷம் கழிச்சு. 2017ல யுனிவர்சிட்டி அந்த C-ய A ஆ மாத்திக் கொடுத்துச்சு.

அவர் அந்த வேலைய ஓட்டுச்சீட்டால செய்யல, கடிதத்தால செஞ்சாரு. சட்டசபைக்கும் உங்க தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கும் கடிதம் எழுத நீங்க சிட்டிசனா இருக்கணும்னு இல்லம்மா. முதல் திருத்தத்துல அரசாங்கத்துகிட்ட குறையச் சொல்ற உரிமைய "மக்கள்"னு எழுதி வெச்சிருக்காங்க, சிட்டிசன்னு எழுதல. நான் ஹெச்-4ல இருந்தப்ப அந்த வரியப் படிச்சுட்டு திரும்பத் திரும்ப அதே இடத்துல நின்னேன்.

டாபிக்குக்கு இன்னும் ஒண்ணு சொல்றேன், நம்ம மண்ணு சம்பந்தப்பட்டது. 1923ல பகத் சிங் திண்ட் வழக்குல இந்தியர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் ஆக முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அவர் முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர். 1946ல காங்கிரஸ் சட்டம் போட்டு அந்தக் கதவத் தொறந்துச்சு, பத்து வருஷத்துல, 1956 தேர்தல்ல, தலீப் சிங் சௌந்த் கலிஃபோர்னியாலேர்ந்து காங்கிரஸுக்கே ஜெயிச்சாரு. கோர்ட் மூடினத காங்கிரஸ் எப்படித் தொறந்துச்சு, ஆறு பக்கத்துக்கு இது தாராளமாப் போதும். தீர்ப்பு சின்னது, மூலத்தையே படிங்க. காலேஜ் லைப்ரேரியன்கிட்ட ஆன்லைன்லயே சாட் பண்ணி 1946 சட்டத்தப் பத்தி காங்கிரஸ்ல நடந்த விவாதம் வேணும்னு கேளுங்க, எடுத்துக் கொடுப்பாங்க. எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, நான் படிக்கணும்.